மணல் பைகள்

மேசையில் ஏறிப் படுக்கும்வரை அவன் சொல்லவில்லை.
பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டியபோதுதான் பார்த்தேன்:
காலுக்கு ஒன்றாய் இரண்டு பைகள்,
பழைய ஜீன்ஸ் துணியில் தைத்து
காசிமேட்டு மணல் அடைத்தவை.
ஒவ்வொன்றும் ரெண்டரை கிலோ.
மீன் நிறுக்கும் தராசில் பார்த்தானாம்.

பெயர் ஜெர்வின். வயது பதினைந்து.
முழங்காலுக்குக் கீழே வலி, மூன்று வாரம்.
ஸ்டான்லியில் ராத்திரி ஒன்றரை மணி.
எக்ஸ்ரே அறைக் கதவு சரியாக மூடாது,
அதனால் நான் ஈய அங்கியைக் கழற்றுவதில்லை.

"அவுருடா."
"தூங்கசொல்லகூட அவுக்க மாட்டேன்க்கா."

அவன் பார்க்கும் ஜப்பான் கார்ட்டூனில்
ஒருத்தன் ஐம்பது மடங்கு ஈர்ப்புள்ள அறைக்குள்
தண்டால் எடுக்கிறான், நசுங்குகிறான், எழுகிறான்,
வெளியே வந்து ஒரே குத்தில் பாறையைத் தூளாக்குகிறான்.
"நெஜமாவே அப்டி ரூம் இருந்தா நம்மளால முடியுமாக்கா?"

அசையாதே என்றேன்.
பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடி என்றும் சொன்னேன்.
கால் படத்துக்கு அது தேவையில்லை.
அவன் பிடித்துக்கொண்டான்.

அந்த இடைவெளியில் கணக்குப் போட்டேன்.
நாற்பத்தெட்டு கிலோ பையன்
ஐம்பது மடங்கில் இரண்டாயிரத்து நானூறு,
சரக்கோடு நிற்கும் குட்டியானை வண்டியைவிட அதிகம்.
தலை மட்டும் இருநூறு.
எலும்பு முரடு, கொஞ்சம் பேரம் பேசும்.
ரத்தம்தான் முதலில் கைவிடும்.
நெஞ்சிலிருந்து மூளைக்கு ஒன்றரைச் சாண்.
பிரஷர் இல்லாத நாளில்
ஹவுசிங் போர்டு நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாததுபோல்
ஐந்து மடங்கிலேயே கண் இருளும்.
மணலைக் காலில் கட்டலாம்,
ரத்தத்தின் ஒவ்வொரு சொட்டிலும் யார் கட்டுவது?

"ரெண்டு மடங்கு?" என்றான்,
ஏலக்கூடத்தில் வளர்ந்த பையன்.

ரெண்டு மடங்கில் கோழி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்,
சுழலும் கூண்டில், மாதக்கணக்காய்.
கால் தடித்தது. கொழுப்பு கரைந்தது. செத்ததும் உண்டு.
தீவுத்திடல் மரணக்கிணற்றில் பைக் ஓட்டுகிறவன்
ஒவ்வொரு சுற்றிலும் தன்னைப்போல் இன்னும் ரெண்டு பேரைச் சுமக்கிறான்.
ஐந்து நிமிஷம்.
பிறகு இறங்கி டீ குடிக்கிறான்.

"அப்ப டீக்கு நடுநடுல லீவு வுட்டா முடியும்."

நேற்று இதே மேசையில் பென்சிலய்யா,
கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு,
இருபத்தாறு வருஷம் சிமெண்ட் மூட்டை.
தொடையெலும்பு படத்தில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, அத்தனை கெட்டி.
இடுப்பில் நாலாவது முள்ளெலும்பும் ஐந்தாவதும்
எட்டரை மணி கும்மிடிப்பூண்டி லோக்கலில் நிற்பவர்கள்போல்
இடுக்கில்லாமல் ஒட்டியிருந்தன.
இதை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை.
இல்லாதவனை பூமி கூடுதலாய் இழுக்கிறதென்று
எழுதுகிறவர்கள் எழுதட்டும்.
பூமி எல்லோரையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது.
மூட்டைக்கு இவ்வளவு என்று விலை வைத்தது பூமியில்லை.

படம் திரையில் வந்தது.
முன்னெலும்பில் மயிரிழைக் கீறல்.
அதை ஒட்டி மெல்லிய வெண்புகை:
எலும்பு தன்னைத் தடிப்பாக்கத் தொடங்கியிருந்தது.
முடியும் என்பதையும் முடியாது என்பதையும்
ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தது.
நான் எதையும் படித்துச் சொல்லவில்லை.
படிப்பது டாக்டர் வேலை.

இறங்கி இரண்டடி வைத்தான்,
நொண்டிக்கொண்டே சிரித்தான்.
"அக்கா, காலே இல்லாத மாரி கீது!"
வாசல்வரை அப்படியே போனான்,
நிலாவில் நடப்பவன்போல் முட்டியை உயர்த்தி.
பைகள் பெஞ்சின் கீழே கிடந்தன.

ஆறரைக்கு ஈய அங்கியை ஆணியில் மாட்டினேன்.
கேட்டைத் தாண்டியதும் தோள் தானாக எழும்பியது,
யாரோ கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதுபோல்.
சரியாகப் பத்தடி.
பதினோராவதில் பூமி என்னைக் கண்டுபிடித்துவிட்டது.

கூடையில் ஐந்து கிலோ மணல்.
மாவுக்கட்டு போட வரும்போது அவனிடம் கொடுக்க வேண்டும்.
இல்லையென்றால்
பஸ்ஸை விட்டுவிட்டு, கடல்வரை நடந்து
கொட்ட வேண்டும்.